தீட்டும் மாசும்: கண்மாயின் உயிர்களும் நம் உரிமையும்



அயோத்திதாசப் பண்டிதரின் நினைவாக நடக்கும் இந்தப் பேருரையில் ஏரி, கண்மாய், ஆறுகளில் வாழும் செடிகொடிகளையும் உயிரினங்களையும் பற்றிப் பேசப்போகிறோம் என்று அறிவித்தபோது நம் தோழர் ஒருவர் நேரடியாகவே கேட்டார்: “கண்மாயில மீன் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? நமக்கு நிலம் வேணும், வேலை வேணும், உசுருக்குப் பாதுகாப்பு வேணும். இதெல்லாம் வசதியானவங்க பேசுற பேச்சு இல்லையா?”

இந்தக் கேள்வி நியாயமானது. சூழலியல் என்ற சொல்லை நாம் பெரும்பாலும் நம்மை வெளியேற்ற வந்தவர்களின் வாயிலிருந்துதான் கேட்டிருக்கிறோம். ஆற்றைச் சுத்தப்படுத்துவோம் என்று சொல்லி ஆற்றங்கரைக் குடிசைகளை இடித்தவர்களும் சூழலியல்தான் பேசினார்கள். ஆகவே இந்த உரை முழுவதையும் அந்தத் தோழருக்கான பதிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

பண்டிதரை இதழாளராக, பௌத்த மறுமலர்ச்சியின் முன்னோடியாக நாம் நிறையப் பேசியிருக்கிறோம். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கியவர் என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். அவர் ஒரு சித்த மருத்துவர் என்பதை அந்த அளவுக்குப் பேசியதில்லை. மருத்துவருக்கு மூலிகையின் பெயர் தெரிந்தால் போதாது. அது எங்கே முளைக்கும், எந்தப் பருவத்தில் பறிக்க வேண்டும் என்பதும் தெரிய வேண்டும். வல்லாரை, பொன்னாங்கண்ணி, கரிசலாங்கண்ணி, நீர்முள்ளி ஆகிய நான்கும் ஈரம் காயாத வரப்பிலும் குளக்கரையிலும் வளர்பவை. குளம் செத்தால் அந்த மருத்துவமும் செத்துப்போகும். நீர்நிலையின் உயிர்களைப் பற்றிய அறிவு நம் முன்னோர்களிடம் புழங்கிய அறிவு. நாம் எங்கிருந்தும் அதைக் கடன் வாங்க வேண்டியதில்லை.

சவ்தார் குளத்தில் கொட்டப்பட்டது என்ன?

நமது அரசியலின் பெரும் தொடக்கங்களில் ஒன்று ஒரு குளக்கரையில் நடந்தது. 1923இல் பம்பாய் சட்டமன்றம் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானத்தை ஏற்று, பொது நீர்நிலைகளைத் தீண்டப்படாதோர் பயன்படுத்தலாம் என்றது. மகாட் நகராட்சியும் அதன்படி சவ்தார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. காகிதத்தில் திறந்த குளம் கரையில் திறக்கவில்லை. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களுடன் நடந்து சென்று அந்தக் குளத்து நீரைக் கையில் அள்ளிக் குடித்தார்.

அதன் பிறகு சாதி இந்துக்கள் அந்தக் குளத்துக்குச் ‘சுத்தி’ செய்தார்கள். 108 குடம் நீரை வெளியே எடுத்து, சாணம், கோமியம், பால், தயிர் கலந்து மந்திரம் சொல்லித் திரும்பக் குளத்தில் ஊற்றினார்கள்.

இதை நாம் எப்போதும் அவமானத்தின் வரலாறாகப் படித்திருக்கிறோம். இன்று நீரியல் மாணவரின் கண்ணால் ஒருமுறை பாருங்கள். ஆயிரம் பேர் கையால் நீர் அள்ளிக் குடித்தால் குளத்து உயிர்களுக்கு எதுவும் ஆகாது. பாலும் தயிரும் சாணமும் நீரில் கலந்தால் அவற்றைச் சிதைக்க நுண்ணுயிர்கள் பெருகும். பெருகும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை உறிஞ்சும். கொட்டும் அளவு கூடினால் மீன்கள் மூச்சு முட்டிச் சாகும். ஆக, அந்தக் குளத்தை ‘தீட்டு’ப் படுத்தியவர்கள் என்று பழிக்கப்பட்டவர்கள் அதற்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. ‘சுத்தம்’ செய்தவர்கள்தான் மாசைக் கொட்டினார்கள்.

தீட்டு வேறு, மாசு வேறு. மாசை அளக்க முடியும். அது யார் கை என்று பார்ப்பதில்லை. நீரில் என்ன கலந்திருக்கிறது என்று மட்டுமே பார்க்கும். தீட்டுக்கு அளவு கிடையாது. அது நீரைப் பார்ப்பதே இல்லை. ஆளை மட்டுமே பார்க்கும். சாதிச் சமூகம் தீட்டைக் காக்கத் தெரிந்த சமூகம். மாசைப் பற்றி அதற்கு அக்கறை இருந்ததில்லை. இந்த நாட்டின் ஆறுகள் வழிபடப்பட்டுக்கொண்டே சாக்கடையாகவும் ஆனதற்கு இதைத் தவிர வேறு விளக்கம் தேவையில்லை.

சென்னை மாகாணத்தில் 1924இல் இரட்டைமலை சீனிவாசன், பொதுச் சாலை, கிணறு, குளம் ஆகியவற்றில் எல்லோருக்கும் உரிமை உண்டு என்ற தீர்மானத்தைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு நூறாண்டு நிறைவதற்குச் சற்று முன்பு, 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. 

கண்மாய்க்குள் நடப்பது

இப்போது நீருக்குள் இறங்குவோம். தமிழ்நாட்டில் ஏறக்குறைய 40,000 ஏரிகள் இருக்கின்றன. வைகை, குண்டாறு பக்கம் கண்மாய் என்போம். வடக்கே ஏரி என்பார்கள். இவை இயற்கையான ஏரிகள் அல்ல, மழைநீரை மறித்துக் கட்டிய ஆழம் குறைந்த நீர்நிலைகள். ஆண்டில் சில மாதம் நிறைந்து, பல மாதம் வற்றிக் கிடப்பவை. வற்றுவதைக் குறை என்றுதான் பொறியாளர் நினைப்பார். உயிரியல் அப்படிச் சொல்லவில்லை.

கோடையில் கண்மாயின் உள்வாய் வெடித்துக் கிடக்கும்போது சேற்றுக்குள் காற்று புகுகிறது. செத்த பாசியும் இலையும் மக்குகின்றன. ஆடுமாடுகள் மேய்ந்து சாணம் போடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பூச்சிகளின் முட்டைகள் அந்தக் காய்ந்த மண்ணுக்குள்ளேயே உறங்குகின்றன. நத்தை தன் ஓட்டின் வாயை மூடியால் அடைத்துக்கொண்டு மண்ணுக்குள் புதைந்து கிடக்கிறது. அதற்குச் செவுளும் உண்டு, நுரையீரல் போன்ற ஓர் உறுப்பும் உண்டு; நீரிலும் நிலத்திலும் அதனால் மூச்சுவிட முடியும். விராலும் குறவையும் ஈரச்சேற்றில் தாக்குப்பிடிக்கின்றன. அவற்றுக்குத் தலைப்பகுதியில் காற்றை நேரடியாக எடுத்துக்கொள்ளும் அறைகள் இருக்கின்றன.

ஐப்பசி மழையில் வரத்துக்காலில் புதுத்தண்ணீர் வந்ததும் அந்த மண் சேர்த்துவைத்த சத்து முழுவதும் நீரில் கரைகிறது. ஒளி அடிவரை இறங்கும் ஆழம்தான் என்பதால் பாசி பொங்குகிறது. உறங்கிய முட்டைகள் பொரிகின்றன. பாசியை நீர்ப்பூச்சி தின்கிறது. நீர்ப்பூச்சியை மீன்குஞ்சு தின்கிறது. கெண்டையும் கெளுத்தியும் எதிர்நீச்சல் போட்டுக் கலுங்கிலும் வாய்க்காலிலும் ஏறி, ஆழமில்லாத புல்பரப்பில் முட்டையிடுகின்றன. விரால் சோடி தன் செந்நிறப் பார்ப்புக் கூட்டத்தைச் சுற்றியே காவல் நிற்கிறது. தும்பியின் இளம்புழு கொசுப்புழுவைத் தின்கிறது. தவளை வருகிறது, தவளைக்குப் பின்னால் தண்ணீர்ப்பாம்பு வருகிறது. நத்தை மேலே வந்ததும் நத்தைகுத்தி நாரை இறங்குகிறது.

கரையோரத்தில் கோரையும் சம்பும் வரும் நீரின் வண்டலை வடிகட்டி நிறுத்துகின்றன. சற்று உள்ளே அல்லி, கொட்டிக்கிழங்கு, ஆரை, வள்ளை. அதற்கும் உள்ளே நீருக்கடியில் வேலம்பாசி. வேடந்தாங்கல் பக்கத்து உழவர்கள் பறவைகளைத் தலைமுறைகளாகக் காத்ததற்குக் காரணம் வெறும் கருணை அல்ல. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் பாய்ந்தால் நெல் நன்றாக விளையும் என்பது அவர்கள் கண்ட உண்மை.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. இந்த வாழ்வு முழுவதும் ஆழமில்லாத ஓரங்களையும், வற்றி நிறையும் சுழற்சியையும், கண்மாயை ஆற்றோடும் அடுத்த கண்மாயோடும் இணைக்கும் வாய்க்காலையும் நம்பியிருக்கிறது. இணைப்பு அறுந்தால் உயிர் அறுபடும். 1934இல் மேட்டூர் அணை வந்த பிறகு, கடலிலிருந்து காவிரியில் ஏறி முட்டையிட்ட உள்ளம் மீனுக்கு வழி அடைபட்டது. விலாங்குக்கு நேர் எதிரான வாழ்க்கை: அது ஆற்றிலும் குளத்திலும் வளர்ந்து கடலுக்குப் போய் முட்டையிடுவது. தடுப்பணைகள் அதற்கும் குறுக்கே நிற்கின்றன.

யாருடைய அறிவு இது?

நாம் சொன்ன இந்தப் பெயர்களில் பெரும்பாலானவற்றை நாம் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. அயிரைக்கும் ஆரலுக்கும் வேறுபாடு, எந்தச் சேற்றில் கொட்டிக்கிழங்கு கிடைக்கும், எந்த மாதம் நத்தை எடுக்கக்கூடாது என்பதெல்லாம் நம் அம்மாக்களும் அப்பத்தாக்களும் சொல்லித் தந்தவை. நிலமில்லாதவர்களின் வீட்டில் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளக் கண்மாய்தான் கறி கொடுத்தது. அந்தப் புரதம் இல்லாமல் நம் தலைமுறை உயிரோடு வந்திருக்காது.

ஆனால் பள்ளியில் நாம் அதைச் சொன்னதே இல்லை. நத்தை தின்பவர்கள், நண்டு தின்பவர்கள் என்று நம்மை வகுப்பறையில் பெயர் வைத்துச் சிரித்தார்கள். மதிய உணவின்போது சிறுமீன் குழம்பை மறைத்துச் சாப்பிட்டவர்கள் இந்த அரங்கில் பலர் இருக்கிறோம். இந்த வெட்கம் என்ன செய்தது? நாமே அந்த அறிவைக் கைவிட்டோம். நகரத்துக்கு வந்தபின் அந்தச் சொற்களை உச்சரிக்கவும் மறுத்தோம். இன்று அதே நத்தை நட்சத்திர விடுதியில் அயல்நாட்டுப் பெயரில் பரிமாறப்படுகிறது.

நீர் பங்கிடும் வேலையையும் பாருங்கள். தென்மாவட்டங்களில் நீர்க்கட்டி, மடையன், நீர்பாய்ச்சி என்று பல பெயர்களில் மடை திறந்து, வயலுக்கு வயல் நீர் பாய்ச்சியவர்கள் பெரும்பாலும் தலித் சாதிகளைச் சேர்ந்தவர்கள். வெள்ளக் காலத்தில் இரவெல்லாம் கரையில் காவல் கிடந்தவர்கள் அவர்கள்தான். மடை திறக்கும் மனிதரின் பெயரும் ஒரு வசைச்சொல்லும் தமிழில் ஒரே வடிவில் இருப்பதைப் பற்றி மொழியியல் மாணவர்கள் யோசிக்க வேண்டும்.

சிவகங்கைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மாணவர்களோடு நாங்கள் சந்தித்த நீர்க்கட்டிப் பெரியவர் ஒருவர் சொன்னார்: “மடைக்குள்ள முங்கி அடைப்பை எடுக்கையில எம் மூச்சுல தீட்டு இல்ல தம்பி. அந்தத் தண்ணி எல்லா வயலுக்கும் போகும். கரையேறி வந்து அவுக ஊருணியில கை வச்சாத்தான் தீட்டு.” அவருடைய மகன் திருப்பூரில் வேலை செய்கிறார். “அவன் இந்த வேலைக்கு வரவேண்டாம்” என்றார் பெரியவர். நாங்களும் வரவேண்டாம் என்றுதான் சொன்னோம்.

ஆனால் அந்தப் பதிலோடு நம்மால் நின்றுவிட முடியவில்லை. அவர் தலைக்குள் இருக்கும் அறிவு அவரோடு போய்விடும். எந்த வரத்துக்கால் எந்த மழைக்கு உடையும், எந்த மடையை எத்தனை நாழிகை திறந்தால் கடைமடை நனையும் என்பதற்கு எந்த அலுவலகத்திலும் பதிவேடு கிடையாது. அடிமைத்தனம் ஒழிய வேண்டும்; அறிவு நம்மிடம் இருக்க வேண்டும். நம் தலைமுறை இன்னும் தீர்க்காத சிக்கல் இது.

மீன்பாசி ஏலமும் ஊத்தாவும்

புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரை மாவட்டங்களில் கண்மாய் வற்றும் காலத்தில் மீன்பிடித் திருவிழா நடக்கும். வெள்ளை வீசியதும் ஊத்தாவும் கச்சாவும் பரியும் தூக்கிக்கொண்டு சுற்றுவட்டார மக்கள் எல்லோரும் இறங்குவார்கள். அந்தச் சேற்றில் ஒரு நாளாவது எல்லோர் காலும் ஒன்றுதான். திருவிழாவுக்குள்ளும் சாதி இல்லாமல் இல்லை. முதல் மரியாதை யாருக்கு என்ற கேள்வி அங்கேயும் உண்டு. என்றாலும் பிடித்த மீன் பிடித்தவருக்கே சொந்தம்.

இன்று பல கண்மாய்களில் மீன்பாசிக் குத்தகை ஏலத்துக்குப் போகிறது. ஏலம் எடுக்கப் பணம் வேண்டும், ஊரில் செல்வாக்கு வேண்டும். எடுத்தவர் போட்ட பணத்தை ஓராண்டில் எடுக்கப் பார்ப்பார். கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை வாங்கி விடுவார். விராலும் கெளுத்தியும் குஞ்சைத் தின்றுவிடும் என்பதால் அவை அவருக்குப் ‘பகை மீன்’கள். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை ஏற்கெனவே எல்லா நீர்நிலையிலும் பரவி, நாட்டுக் கெண்டைகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியையும் திருட்டுத்தனமாக வளர்க்கிறார்கள். வெள்ளத்தில் அது தப்பி வெளியே வந்தால் வாயில் அகப்பட்ட எதையும் விடாது.

நாங்கள் பார்த்த ஒரு கண்மாயில், ஏலத்துக்குப் பின் சேரிப் பெண்கள் அயிரை அரிக்கக் கூடையோடு போனபோது குத்தகைதாரரின் ஆட்கள் கூடையைப் பறித்து மிதித்தார்கள். “திருட்டு” என்று பெயர் வைத்தார்கள். அவர் வாங்கி விட்டது கட்லா. அந்தப் பெண்கள் எடுக்கப்போனது அயிரை. அயிரையை அவர் வாங்கி விடவும் இல்லை, வளர்க்கவும் இல்லை. மழைக்கு வந்து மண்ணில் வாழும் மீன் அது. அதற்கு எப்படி ஒருவர் உரிமையாளர் ஆனார்? காவல் நிலையம் வரை சென்ற அந்தப் பெண்களிடம் கடைசிவரை இந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

தோழரே, கண்மாயில் மீன் இருந்தால் என்ன என்று கேட்டீர்கள். பலவகை மீன் இருந்தால் அது பலருடைய கண்மாய். ஒரே வகை மீன் இருந்தால் அது ஒருவருடைய கண்மாய். பன்மை அழிவதும் பொதுவுரிமை அழிவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

கழிவு யார் பக்கம் பாய்கிறது?

ஆகாயத்தாமரை தென்னமெரிக்காவிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்தின் வழியே இங்கு வந்தது. ஏற்ற சூழலில் இரண்டு வாரத்தில் இருமடங்காகும். ஆனால் அது தானாக ஒரு ஏரியை மூடுவதில்லை. சாக்கடையின் நைட்ரஜனும் பாஸ்பரசும்தான் அதற்கு உரம். அது மூடிய பிறகு ஒளி உள்ளே போகாது, நீருக்கடியிலுள்ள பாசி சாகும், காற்றுப் படாமல் நீர் புழுங்கும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 7.5 மில்லிகிராம் பிராணவாயுதான் கரையும். நம் ஊர் வெயிலில் மீனுக்குக் கிடைக்கும் மூச்சே அவ்வளவுதான். சாக்கடை அதையும் தின்றுவிட்டால், இரவு முழுவதும் பாசியும் மூச்சு இழுக்க, விடியற்காலையில் மீன் செத்து மிதக்கும். காற்றை நேரடியாகக் குடிக்கும் ஒன்றிரண்டு மீன் மட்டும் மிஞ்சும். அகற்ற வருபவர்கள் செடியைத்தான் பிடுங்குகிறார்கள், குழாயை அடைப்பதில்லை. அடுத்த மழைக்குள் செடி திரும்ப வந்துவிடுகிறது.

அந்தக் குழாய் எங்கே வந்து முடிகிறது என்று பாருங்கள். ஊரின் கழிவு பள்ளம் பார்த்துப் பாயும்; பள்ளத்தில் சேரி இருக்கும். மலக்குழிக்குள் மனிதரை இறக்குவதைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் வந்தது; சாவு நிற்கவில்லை. பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவு குறித்து 1996இல் உச்ச நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பை வழங்கியது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு அதில் உறுதியானது. அந்தத் தொழிற்சாலைகளில் குரோமியத் தொட்டிக்குள் நின்று வேலை செய்தவர்களில் பெரும்பகுதி நம் மக்களும் ஏழை முஸ்லிம்களும். ஆற்றின் நோயும் அவர்கள் தோலின் நோயும் ஒரே நோய். ஆற்றுக்காக வழக்கு நடக்கும்போது தொழிலாளியை எதிரியாகவும், வேலைக்காகப் போராடும்போது ஆற்றை எதிரியாகவும் நிறுத்துவார்கள். இந்தப் பொறியில் நாம் சிக்கக்கூடாது.

மரபு மீட்பு என்னும் பேச்சு

அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் தொகுத்து 1997இல் வெளிவந்த நூல் இந்தியாவின் பாரம்பரிய நீர் அமைப்புகளைப் பெருமையோடு பதிவுசெய்தது. அதற்குப் பின் ‘நம் முன்னோர்களின் நீர் மேலாண்மை’ என்ற பேச்சு எங்கும் பரவியது. தென்தமிழகக் கண்மாய்களை ஆய்வுசெய்த டேவிட் மாஸ் 2003இல் வெளியிட்ட நூலில், அந்த அமைப்பு அதிகாரத்தாலும் சாதிப் படிநிலையாலும் நடத்தப்பட்டது என்பதைக் காட்டினார். இந்தியச் சூழலியல் பேச்சு சாதியைக் காண மறுப்பதை முகுல் சர்மா 2017இல் விரிவாக எழுதினார்.

அந்த ‘முன்னோர்’ யார் என்று நாம் கேட்க வேண்டியிருக்கிறது. கரை மண் சுமந்தவரா, மரியாதை வாங்கியவரா? அம்பேத்கர் கிராமத்தைப் புகழ மறுத்தவர். வைஸ்ராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் துறை உறுப்பினராக 1942 முதல் 1946 வரை இருந்து, தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டம் உள்ளிட்ட நீர்க்கொள்கைக்கு அடித்தளம் போட்டவரும் அவர்தான். தண்ணீரைச் சாதியின் கையிலிருந்து எடுத்து மக்களாட்சியின் கையில் வைக்க வேண்டும் என்பது அந்த வாழ்விலிருந்து நாம் கற்கும் பாடம்.

நடப்பது என்ன? 2000இல் வந்த பாசன மேலாண்மைச் சட்டம் உறுப்பினர் தகுதியை ஆயக்கட்டு நிலத்தோடு கட்டியது. குடிமராமத்துப் பணிகளிலும் பேச்சு ஆயக்கட்டுதாரர்களோடுதான் நடந்தது. நிலமில்லாதவர் மீன் பிடிக்கலாம், மாடு மேய்க்கலாம், கோரை அறுக்கலாம், கீரை பறிக்கலாம். கண்மாய் பற்றி முடிவெடுக்க அவருக்கு வாக்கு இல்லை. அந்த முடிவின் விளைவை உயிர்களும் அனுபவிக்கின்றன. பாசன நீரின் கொள்ளளவு ஒன்றையே பார்ப்பவர்கள் எந்திரத்தை விட்டு ஓரத்தையெல்லாம் செங்குத்தாக வெட்டிவிடுகிறார்கள். ஆழமில்லாத ஓரம் போனால் மீன் முட்டையிட இடமில்லை, கோரைக்கு இடமில்லை, நாரைக்குக் கால் ஊன்ற இடமில்லை. கீரை பறிக்கப் போகும் பெண்ணுக்கும் இறங்க இடமில்லை.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, பதிவு. இங்குள்ள மாணவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் ஊர்க் கண்மாயில் என்னென்ன மீன், செடி, பறவை இருந்தன, இப்போது என்ன இருக்கின்றன என்று பாட்டிகளிடமும் நீர்க்கட்டிகளிடமும் கேட்டு எழுதுங்கள். சொன்னவர் பெயரோடு எழுதுங்கள். அவர்கள் தகவலாளிகள் அல்லர், அறிஞர்கள்.

இரண்டாவது, உரிமை. நிலமில்லாதவருக்கும் நீர்நிலைக் குழுவில் வாக்கு வேண்டும். பெண்களுக்கு இடம் வேண்டும். மீன்பாசிக் குத்தகை விடும்போது வீட்டுத் தேவைக்குச் சிறுமீன், நத்தை, கீரை எடுக்கும் உரிமையை நிபந்தனையாக எழுத வேண்டும். கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். தோற்றாலும் பதிவேட்டில் ஏறட்டும்.

மூன்றாவது, நீர்க்கட்டி வேலை. அது பிறப்பால் வரும் ஊழியமாக இருக்கும்வரை ஒழியட்டும். சம்பளமும் பயிற்சியும் உள்ள அரசுப் பணியாக, எந்தச் சாதியினரும் போட்டியிட்டு வரவேண்டிய பணியாக அது மாறட்டும். நம் பெரியவர்கள் அதற்கு ஆசிரியர்களாக அமரட்டும்.

நான்காவது, ஓரம். தூர்வாரும் திட்டம் வரும்போது ஆழம் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். ஓரம் எவ்வளவு விடுகிறீர்கள், வாய்க்கால் திறக்கிறதா, கழிவுக்குழாய் அடைபடுகிறதா என்றும் கேளுங்கள்.

தோழரே, நிலமும் வேலையும் பாதுகாப்பும் வேண்டும் என்றீர்கள். நாமும் அதையேதான் கேட்கிறோம். கண்மாய் நம்மிடம் மிச்சமிருக்கும் பொதுநிலம். அதன் உயிர்கள் நிலமில்லாதவரின் உணவு, வேலை, மருந்து. சவ்தார் குளத்தில் நம் மக்கள் நீரைத் தொடும் உரிமையை எடுத்துக்கொண்டார்கள். அந்த நீர் எப்படி இருக்க வேண்டும், அதில் எவையெல்லாம் வாழ வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமையை இனி நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கூடை பறிக்கப்பட்ட அந்தப் பெண்கள் அடுத்த ஆண்டு மழைக்கும் அதே கண்மாய்க்குப் போனார்கள். இம்முறை தனித்தனியாகப் போகவில்லை. நாற்பது பேர் சேர்ந்து போனார்கள். அயிரை இருந்தது.